இருபதுக்குப் பதினெட்டு

வேடசந்தூர் பள்ளியில் வேதியியல் எடுக்கும் மரியசெல்வி எதையும் லேசில் நம்பிவிடுகிற ஆள் இல்லை. அமெரிக்காவிலிருந்து தம்பி பிரின்ஸ், அப்பாவின் மறதிக்கென்று ஒரு வைட்டமினிலிருந்து செய்த மாத்திரையும் கூடவே ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையின் ஜெராக்ஸும் அனுப்பியபோது, ஜெராக்ஸைத்தான் முதலில் பிரித்தாள். கொஞ்சப் பேருக்குக் கொடுத்தார்களாம், எல்லாருக்கும் தேவலையாம். மாத்திரை கொடுக்காமல் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆள்கூடக் கிடையாது. இதெல்லாம் ஓர் ஆராய்ச்சியா என்று முகம் சுளித்தாள். ஆனால் பெற்ற அப்பாவாயிற்றே, மனசு கேட்கவில்லை.

அப்பா சூசைமுத்து திண்டுக்கல்லில் முப்பத்திரண்டு வருஷம் கணக்கு வாத்தியார். இப்போது மகளைப் பார்த்தே "நீங்க யாரும்மா?" என்கிறார்.

மரியசெல்வி இருபது கேள்வி எழுதினாள். கிழமை, வருஷம், தெரு, மகள் பெயர், ஏழாம் வாய்ப்பாடு இப்படி.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் பரீட்சை. மூணு மாசத்துல மார்க் ஏறலைன்னா மாத்திரைய நிறுத்திருவோம்" என்று அம்மா வியாகுலம்மாளிடம் கறாராகச் சொல்லிவிட்டுத் தாளை பீரோவில் வைத்தாள்.

முதல் வாரம் ஆறு மார்க். ஐந்தாம் வாரம் பதினொன்று. ஒன்பதாம் வாரம் பதினெட்டு. "என் பேரு என்னப்பா?" என்றதற்கு "மரியசெல்வி" என்று பளிச்சென்று சொன்னார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றைக்கே பிரின்சுக்குப் போன் போட்டு, இன்னும் ஆறு மாசத்துக்கு அனுப்பச் சொன்னாள். ஆராய்ச்சியில் குறை கண்ட டீச்சர் போன இடம் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு முதல் பூசைக்கே போய்விட்டுச் சீக்கிரம் திரும்பியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே அம்மாவின் கையில் கேள்வித்தாள்.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. மக பேரு மரியசெல்வி. இன்னொருக்கா சொல்லுங்க."

அவர் கைகட்டி ஒப்பித்தார்.

"என்னம்மா பண்ணுற?"

"நீதான மாத்திரைய நிறுத்திருவேன்னு சொன்ன? வாத்தியார் வீட்டுல படிக்க வைக்காமயா பரீட்சைக்கு விடுவாங்க?" அம்மாவின் குரலில் குற்ற உணர்ச்சியே இல்லை. "தெனமும் விடியக்காலையில சொல்லித் தாரேன். மாத்திரை வேலை செய்யத்தான செய்யுது?"

மரியசெல்விக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தாளை வாங்கி மடித்தாள். அதில் இல்லாத ஒரு கேள்வியை, அம்மாவைக் காட்டிக் கேட்டாள்.

"அப்பா, இவங்க யாரு?"

சூசைமுத்து மரியாதையாக எழுந்து நின்றார்.

"டீச்சர்" என்றார். பிறகு மகளிடம் குரலைத் தாழ்த்தி, "நல்லாத்தான் சொல்லித் தாராங்க. வீட்டுக்கு எப்பம்மா விடுவாங்க?" என்று கேட்டார்.