அண்ணனின் விரலை அறியாத கண்ணாடி

சாயப்பட்டறை இயந்திரத்தை இயக்கப் புதுத் தொடுதிரை வாங்கும் பொறுப்பு தங்கையின் தலையில் விழுந்தது. பராமரிப்புப் பிரிவை அவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய திரையின் மேலிருந்த பிளாஸ்டிக் தாள் நீராவியிலும் சாயத்தில் கலக்கும் காரத்திலும் உரிந்துபோய், உள்ளே தண்ணீர் புகுந்து, ஒருநாள் யாரும் தொடாமலே வடிகாலைத் திறந்துவிட்டது. வண்டி தள்ளிக்கொண்டு வந்த மனிதரின் கால் கொதிக்கும் சாயத்தண்ணீரில் வெந்துபோனது. பாவம், அவர் இன்னும் எழுந்து நடமாடவில்லை.

விற்பனைக்காரர் இரண்டு மாதிரிகளைக் கொண்டுவந்து இயந்திரத்தின் பக்கத்தில் மாட்டினார். ஒன்று பழையதைப் போலவே தாள் போட்டது. எதை வைத்து அழுத்தினாலும் வேலை செய்யும். இன்னொன்று முழுக்கக் கண்ணாடி. அதன்மேல் காரத்தண்ணீரை ஊற்றினார், சுத்தியலால் தட்டினார், தன் பெண்டாட்டியின் கோபத்தைக்கூட அது தாங்கும் என்று அளந்துவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். ஆளாளுக்குத் தொட்டுப் பார்த்தார்கள், கண்ணாடி சொன்னபடி கேட்டது.

இயந்திரத்தை ஓட்டுகிறவன் அவளுடைய அண்ணன். கடைசியாக அவன் வந்து தொட்டான். திரை அசையவில்லை. விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி தொட்டான்.

"என்னைப் பாத்தா மட்டும் இதுக்கு வெக்கம் போல," என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டான்.

வருஷக்கணக்காகக் காரத்தில் ஊறி அவன் விரல்நுனிகள் காய்ந்த மரப்பட்டை மாதிரி தடித்திருந்தன. கண்ணாடிக்கோ தோலின் ஈரம் வேண்டும். தங்கை விற்பனைக்காரரைத் தனியே கூப்பிட்டுக் கேட்டாள். தொடுவதை உணரும் கூர்மையைத் திரையில் கூட்டி வைக்கலாம், ஆனால் நீர்த்துளி பட்டாலும் விரல் என்றே எடுத்துக்கொள்ளும் என்றார் அவர். சாயப்பட்டறையில் நீர்த்துளிக்கா பஞ்சம்?

அவளுக்கு மனசே ஆறவில்லை. அவளைப் படிக்க வைத்ததே அந்த விரல்கள்தான். தாள் போட்டதையே வாங்கிவிட்டு அடிக்கடி மாற்றினால் போயிற்று என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திப் பார்த்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் அவள் அறைக்கு வந்தான்.

"எதை வாங்கச் சொல்லப் போற?"

"தாள் போட்டதைத்தான். கெட்டுப்போறதுக்கு முன்னாடியே மாத்திடலாண்ணே."

"போன தடவையும் இதைத்தானே சொன்ன? மேல இருக்கறவங்க மாத்த விட்டாங்களா?"

அவளுக்குச் சுருக்கென்றது. "சரி, கண்ணாடியே வாங்கறேன். உனக்கு ஒரு குச்சி தரேன், அதால தொடு."

"தண்ணி பொங்கி வரும்போது குச்சி எங்கன்னு தேடிக்கிட்டு நிக்கவா? நான் போய் அந்தாளு காலைப் பாத்துட்டு வந்தேன்மா. கண்ணாடிக்கே எழுது."

"அப்ப நீ என்ன பண்ணுவ?"

"துணி மடிக்கிற இடத்துல ஆள் வேணுமாம்."

மடிக்கிற வேலை என்றால் அவனுக்கு வேப்பங்காய். ஆனாலும் அவன் சொன்னதுதான் சரி. அண்ணன் கதவைத் தாண்டிப் போகும்வரை காத்திருந்து, கண்ணாடிக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

புதுத்திரை மாட்டிய அன்று மத்தியானம், ஆட்களெல்லாம் சாப்பிடப் போயிருந்தார்கள். குழாய்களைப் பார்க்க வந்த தங்கை சட்டென்று நின்றாள். திரைக்கு முன்னால் அண்ணன். சுட்டுவிரலில் வாயால் ஊதி ஈரமாக்கிக்கொண்டு, மெல்லத் தொட்டான். மறுபடி ஊதினான், மறுபடி தொட்டான். திரை அப்படியே இருந்தது.

திரும்பியவன் அவளைப் பார்த்துவிட்டான். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"நல்லதாத்தான் வாங்கியிருக்க. எதையும் தப்பா எடுத்துக்க மாட்டேங்குது," என்று சிரித்துவிட்டு, மடிக்கிற பக்கம் நடந்தான்.

 அவளுக்கு அழுகை வந்துவிட்டது.