பேசி முடிவெடுக்க ஒரு கார்

பல்செட்டுக்காரருக்கும் அவர் மனைவிக்கும் சண்டை என்று எதுவும் கிடையாது. வீட்டில் பேச்சு வராது, அவ்வளவுதான்.

அவர் ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் உட்கார்ந்து அடுத்தவர்களுக்குப் பல் வரிசை செய்கிறவர். நாள் முழுக்க அவர் எதிரே திறந்து கிடக்கிற வாய்களெல்லாம் சுண்ணாம்பு அச்சில் வார்த்தவை. ஒரு வார்த்தை பேசாதவை. அவளுக்கு மின்சார அலுவலகத்தில் ஃபோனில் புகார் வாங்குகிற வேலை. எப்போது கரண்ட் வரும் என்று கேட்கிற ஊருக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு வீடு திரும்பும்போது தொண்டையில் மிச்சம் ஒன்றும் இருக்காது. வீட்டுக்குள் இருவரும் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல், பழகிய இரண்டு நாற்காலிகள் மாதிரி, சௌகரியமாகவே இருந்தார்கள்.

ஆனால் காரில் ஏறிக் கதவைச் சாத்தினால் போதும். அவள் சாவியைத் திருகுவாள், மடை திறந்துவிட்ட மாதிரி பேச்சு வரும். ஓட்டுகிறவள் அவள்தான், அவருக்கு ஓட்டத் தெரியாது. கல்யாணமான புதிதில் வாங்கிய கார் அது. பெண்ணை எந்தப் பள்ளியில் போடுவது, எந்த வீட்டை வாங்குவது, எந்த உறவை அறுத்துக்கொள்வது எல்லாமே அதற்குள் முடிவானவை. சமையலறைக் குழாய் ஒழுகினால்கூட ஒருவர் மற்றவரைப் பார்த்து வாசல் பக்கம் தலையை ஆட்டுவார். கீழே இறங்கி, தெருவை ஒரு சுற்று சுற்றி, பிளம்பரைக் கூப்பிடலாம் என்று தீர்மானித்துக்கொண்டு திரும்புவார்கள். பெண்ணுக்கு வரன் பார்த்த சமயத்தில் ஒரு மாலை முழுக்க ஒரே ரவுண்டானாவைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். போக்குவரத்துக் காவலர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏம்மா, வழி தெரியலையா?"

"வழி தெரியுது சார். மாப்பிள்ளைதான் தெரியல" என்றாள்.

விபத்து நடந்தபோது கார் ஓடவில்லை. கூடத்து ஜன்னலுக்குத் திரைச்சீலை பச்சையா நீலமா என்று பேச்சு முற்றியதால் ஒரு மதிலுக்கு முதுகைக் காட்டி நிறுத்தியிருந்தார்கள். முன்னால் நின்ற குப்பை லாரி பின்னால் வந்தது. வந்துகொண்டே இருந்தது. காரை அப்படியே நெட்டித் தள்ளி மதிலோடு வைத்து நசுக்கியது. "நீலம் அழுக்குக் காட்டும்" என்ற வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் அவள் அலறினாள். இருவருக்கும் ஒரு கீறல் கிடையாது. காருக்குத்தான் மூக்கு உள்ளே போய், முதுகு மேலே வந்து, பார்க்கச் சகிக்கவில்லை.

பட்டறையில் இன்சூரன்ஸ் சர்வேயர் காரைச் சுற்றி வந்து, குனிந்து பார்த்து, நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"உடம்பே கோணிப்போச்சு சார். நிமித்தலாம், கொஞ்ச நாளாகும். இல்ல, போனது போகட்டும்னு தலைமுழுகிட்டு வேற வண்டி எடுத்துக்கலாம். ரெண்டுக்கும் கம்பெனி ஒத்துக்கும். வீட்டுக்குப் போய் ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவு சொல்லுங்க."

"வீட்டுக்குப் போயா?" என்றார் பல்செட்டுக்காரர்.

"ஆமா."

"பேசியா?"

"ஏன் சார், பேசமாட்டீங்களா?"

"இல்ல இல்ல, சும்மா கேட்டேன்."

வீட்டில் சோபாவின் இரண்டு முனைகளில் உட்கார்ந்தார்கள். அவர் செருமினார். அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்தார்; வார்த்தை நாக்கு வரைக்கும் வந்து, இது நம்ம இடம் இல்லை என்பது போலத் திரும்பிப் போய்விட்டது. அவள் எழுந்து போய் மின்விசிறியைக் கூட்டி வைத்தாள்.

மறுநாள் ஓர் உபாயம் தோன்றியது. படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவளுக்கு ஃபோன் போட்டார். கூடத்தில் மணி அடித்தது. அவள் எடுத்தாள்.

"வணக்கம், புகார் எண் சொல்லுங்க."

அவர் சத்தமில்லாமல் வைத்துவிட்டார்.

ஆட்டோவில் ஏறிப் பேசிப் பார்த்தார்கள். "ரிப்பேரே பண்ணிடலாம்னு..." என்று இவர் தொடங்கியதும் ஆட்டோக்காரர் திரும்பி, "பண்ணாதீங்க சார், என் மச்சான் பண்ணிட்டு அழறான்" என்று இறங்குகிற வரைக்கும் மச்சான் கதையைச் சொன்னார். பஸ்ஸில் அவளுக்கு முன்னால் இடம் கிடைத்தது, இவருக்குப் பின்னால். வெளியூரிலிருந்து பெண் ஃபோனில் கூப்பிட்டாள்.

"அப்பா, புதுசா வாங்கித் தொலைங்கப்பா. இதுல என்ன யோசனை?"

"அம்மாவைக் கேக்கணும்மா."

"பக்கத்துலதானே இருக்காங்க? கேளுங்களேன்."

அவர் அவளைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள்.

"நாளைக்குச் சொல்றேம்மா" என்றார்.

அவர் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார்; கார் நிற்கும் இடம் காலியாக இருந்தது. இதுநாள் வரை வீட்டில் மௌனமாக இருக்க முடிந்ததே கீழே கார் நிற்கிறது என்ற தைரியத்தில்தான். கார் போய்விட்டால் அவள் இருப்பாள், அவள் குரல் போய்விடும். கூடத்தில் அவள் நடக்கிற சத்தம் மட்டும் மிஞ்சும். இதை அவளிடம் சொல்லியாக வேண்டும். எங்கே வைத்துச் சொல்வது?

எதற்கும் பார்த்து வைப்போம் என்று ஷோரூமுக்குப் போய் ஒரு புதுக் காரை ஓட்டிப் பார்த்தார்கள். தூங்குகிற குழந்தை மாதிரி சத்தமே இல்லாமல் போனது. அவள், "ஏங்க, இந்த சீட்டு..." என்றாள்.

"இடப்பக்கம் திரும்பவும்" என்றது கார்.

அவள் திரும்பினாள். "சீட்டு கொஞ்சம் தாழ்வா..."

"பெல்ட் போடவும்" என்றது கார்.

"போட்டுட்டுதாம்மா இருக்கேன்" என்றாள் அவள், காரிடம். அதன்பின் வழி நெடுக அவளும் காரும் மட்டும்தான் பேசினார்கள். பல்செட்டுக்காரர் இறங்கும்போது தீர்மானமாக இருந்தார்: எப்பாடு பட்டாவது பழைய வண்டியை நிமிர்த்திவிட வேண்டும்.

காருக்குள் இருந்த சாமான்களை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிப் பட்டறையிலிருந்து ஆள் அனுப்பினார்கள். போனபோது, சேதம் பார்க்கக் கழற்றிப் போட்டிருந்ததால் பானட் இல்லை, இஞ்சின் இல்லை, விளக்கு இருந்த இடங்களில் இரண்டு பொந்துகள். ஆனால் முன்சீட் இரண்டும் இருந்தன. குடையை எடுக்க அவர் ஒரு பக்கம் நுழைந்தார். கண்ணாடித் துடைப்பானை எடுக்க அவள் மறுபக்கம் நுழைந்தாள். கதவுகள் தாமாகச் சாத்திக்கொண்டன.

"அந்த லாரிக்காரன் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டானா பாத்தீங்களா?" என்றாள் அவள்.

பட்டறை மூடுகிற வரைக்கும் பேசினார்கள். மறுநாளும் வேலை விட்டதும் நேரே அங்கே வந்துவிட்டார்கள். அதற்கு மறுநாளும்.

"சார், வண்டிய என்ன பண்றதுன்னு..." என்று ஜன்னல் வழியாகக் குனிந்தார் பட்டறை மேஸ்திரி.

"அதைத்தான் பேசிக்கிட்டிருக்கோம்."

அது பாதி உண்மை. கார் பேச்சு ஒவ்வொரு நாளும் ஒரு தடவை வரும். அவர் "ரிப்பேர் பண்ணிடலாம்" என்பார். அவள் முன்னால் பார்த்தபடியே "மாத்திடலாம்" என்பாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால், போதும் உங்களோடு பேசினது என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். உடனே பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவார்.

மேஸ்திரிக்குக் காரின் அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. இறங்கச் சொன்னால் இவர்கள் "இதோ, ஒரு நிமிஷம்" என்பார்கள். பார்த்தார், இவர்களோடு சேர்த்தே காரை லிஃப்டில் ஏற்றிவிட்டார். கூரையோடு தலை இடிக்கிற உயரத்தில், டியூப்லைட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இருவரும் அவளுடைய அண்ணன் மனைவியைப் பற்றிப் பேசினார்கள். கீழிருந்து வெல்டர் அண்ணாந்து, "அக்கா, அந்த வளையலை அவங்க திருப்பிக் குடுத்தாங்களா இல்லையா?" என்று கேட்டார்.

"எங்க குடுத்தா!"

"அதானே பாத்தேன்."

இரண்டு நாள் கழித்து அந்த வெல்டர் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார். தன் மச்சானோடு நெடுநாளாகப் பேச்சுவார்த்தை இல்லையாம். இவர்கள் வருவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் காரில் உட்கார்ந்துகொள்ளட்டுமா? உட்கார்ந்தார்கள். உள்ளேயிருந்து முதலில் கத்தல் கேட்டது, பிறகு விசும்பல், பிறகு சிரிப்பு. அப்புறம் பெயிண்டர் தன் அம்மாவை அழைத்து வந்தார். எதிர்க்கடை டயர்க்காரர் தன் பங்காளியோடு வந்து, "எங்களுக்குப் பின்சீட்டே போதும்" என்றார். பட்டறையில் எந்த வண்டிக்கும் வேலை நடக்கவில்லை. எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சர்வேயர் இதைக் கேள்விப்பட்டு முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு வந்தார். பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

"இதோ பாருங்க. ஒரு முடிவு சொல்லுங்க. கம்பெனியில என்னைப் பிடிச்சு உலுக்கறாங்க. நானும் மனுஷன்தானே. வீட்டுக்குப் போனா அங்கயும் நிம்மதி இல்ல. என் பையன் என்கிட்ட முகங்குடுத்துப் பேசி..." என்று ஆரம்பித்தவர் வெகுநேரம் நிறுத்தவில்லை. முன்சீட்டிலிருந்த இருவரும் திரும்பாமல், "ம்" கொட்டிக் கேட்டார்கள். கடைசியில் மூக்கைச் சிந்திக்கொண்டு இறங்கிய சர்வேயர், வெளிக்காற்று பட்டதும் பழையபடி சர்வேயராகிவிட்டார்.

"இது ஆபத்தான வண்டி. நாளைக்குள்ள நீங்க சொல்லலைன்னா மொத்தச் சேதம்னு நானே எழுதிடுவேன்" என்றார்.

மறுநாளும் ஒருவர் ரிப்பேர் என்றார், ஒருவர் மாற்று என்றார். சர்வேயர் எழுதிவிட்டார்.

காரை உடைக்கிற இடத்துக்கு எடுத்துப்போக லாரி வந்தபோது இருவரும் உள்ளேதான் இருந்தார்கள்.

"சார், இறங்குங்க சார்" என்றார் மேஸ்திரி.

"இன்னும் பேசி முடிக்கல" என்றார் பல்செட்டுக்காரர். கதவுப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். அவள் அவர் கையை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

லாரி டிரைவர் பீடியை அணைத்தார். "எனக்கு ஏத்தச் சொல்லியிருக்காங்க, ஏத்தறேன். உள்ள என்ன இருக்குன்னு பாக்கறது என் வேலை இல்ல" என்றார். சங்கிலி இழுத்தது. கார் இவர்களோடு லாரியின் முதுகில் ஏறி உட்கார்ந்தது.

தெருவுக்கு மேலே, கடைப் பலகைகளின் உயரத்தில் போனார்கள். மாடி பஸ்ஸில் போகிறவர்களைப் பார்ப்பது போல ஜனங்கள் அவர்களை அண்ணாந்து பார்த்தார்கள். முதல் திருப்பத்தில் அவள் பழக்கதோஷத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினாள். இரண்டாவது திருப்பத்தில் திருப்ப மறந்தாள். கார் அது பாட்டுக்குத் திரும்பியது. அவள் ஸ்டியரிங்கிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சீட்டில் சம்மணம் போட்டு, முழுசாக அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"பேசுங்க" என்றாள்.

"என்ன பேச?"

"எதையாவது. நீங்க பேசறப்போ மூஞ்சி எப்படிப் போகும்னு நான் பாத்ததே இல்ல. ரோட்டைத்தானே பாக்கறேன், கல்யாணமான நாள்லேர்ந்து. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் உங்க குரலும் முன்னால போற லாரிங்களும்தான்."

யாரும் அவரை இப்படிப் பார்த்ததில்லை.

"அதுக்குத்தான் மாத்தலாம்னேன்" என்றாள் அவள். "இந்தக் கியர் என் கைக்கு மட்டும்தான் விழும். இதுல உங்களுக்குக் கத்துக்குடுக்க முடியாது. வேற வண்டி எடுத்தா நீங்க ஓட்டலாம். நான் அந்தப் பக்கம் உக்காந்து..."

லாரி நின்றது. உடைக்கிற இடம் வந்துவிட்டது. கதவில்லாத கார்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, எச்சில் தட்டுகளைப் போல அடுக்கிக் கிடந்தன. ஒருவர் வந்து இரு பக்கக் கதவையும் திறந்து, "ம், இறங்குங்க" என்றார். அவள் வாக்கியத்தை அந்தரத்தில் விட்டுவிட்டு இறங்கினாள். அவரும் இறங்கினார்.

இரும்புக் கை ஒன்று காரைத் தூக்கிக்கொண்டு போனது. இருவரும் பார்த்தார்கள். பிறகு வெளியே வந்து பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள். சோபா, மின்விசிறி, கூடத்தில் காலடிச் சத்தம் எல்லாம் அவர் கண்முன்னால் வந்து வரிசையாக நின்றன. நீண்ட தெரு. ஒரு சுவர் முடிந்து இன்னொரு சுவர் தொடங்குகிற வரை இருவருக்கும் நடுவில் செருப்புச் சத்தம்தான்.

கேட்டால் வருமோ வராதோ தெரியவில்லை. தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமுவது போலக் கேட்டார்.

"அந்தப் பக்கம் உக்காந்து?"

அவள் நின்றாள். வாய் திறந்தது, மூடியது. அவர் தோளைப் பிடித்து நகர்த்தித் தன் வலது பக்கத்துக்குக் கொண்டுவந்து விட்டாள். நடைபாதையிலிருந்து தெருவுக்கு இறக்கினாள்.

"முன்னாடி பாருங்க. என்னைப் பாக்கக் கூடாது" என்றாள். குரல் கொஞ்சம் கரகரத்தது, ஆனால் அதே குரல். "ரொம்ப வேகமாப் போறீங்க. சைக்கிள் வருது, விடுங்க. ஆங். இப்ப போங்க. திரும்பறதா இருந்தா முன்னாலயே கை காட்டணும்."

அவர் கை காட்டினார். பக்கவாட்டில் அவள் பார்வை கன்னத்தில் விழுவது தெரிந்தது, திரும்பவில்லை. தெருவின் நடுவில், அகலமாக, அவசரமில்லாமல் போனார்கள். பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"யோவ்! என்ன, வண்டியா ஓட்டறே?"

"கத்துக்கறேன்!" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார் பல்செட்டுக்காரர்.

"கத்தாதீங்க, பிரேக் போடுங்க" என்றாள் அவள்.