ஓரம் ஒதுங்கிய ஆம்புலன்ஸ்

ஆம்புலன்ஸில் இரண்டாவது சைரன் ஸ்பீக்கரைப் பொருத்திய ஒயர்மேன் பத்துமலை, வயர்கள் எஞ்சின் சூட்டில் படாமல் இழுத்துக் கட்டினார். அதன் பிறகே பேட்டரியை இணைத்தார்.

ஈப்போவுக்கு அருகே குனோங் ராபாட் மலையடிச் சாலையில், நல்ல வெயிலில், டிரைவர் நூஹு சைரனை அடித்துப் பார்த்து நிறுத்தினார். சுண்ணாம்பு மலை எதிரொலித்து ஓய்ந்தது. சற்று நேரத்தில் மறுபடியும் சைரன் கேட்டது.

"ஆஃப் பண்ணிட்டீங்கல்ல, அண்ணே?"

"பண்ணிட்டேன்லா!"

பத்துமலை பேட்டரி வயரையே கழற்றினார். சத்தம் நிற்கவில்லை. சாலை வளைவிலிருந்து நெருங்கி வந்தது.

நூஹு வெளிறிப்போனார். "வழி விடணும் மச்சான், தள்ளு!"

இருவரும் வண்டியைப் புல்லில் தள்ளினார்கள். வெறும் சாலையில் சைரன் அலறிக்கொண்டே கடந்துபோனது. டெட்டால் வாசனையோடு சூடான காற்று முகத்தில் அடித்தது.

சத்தம் ஈப்போ பக்கம் தேய்ந்து மறைந்த பிறகும், வண்டியைச் சாலையில் ஏற்ற இருவருக்கும் துணிவு வரவில்லை.