ஒன்பதாம் எண் தட்டு

காலை பதினொன்று இருபதுக்கு அந்தப் படம் திரையில் வந்து விழுந்தது.

கறுப்பு வட்டம். அதன் ஓரத்தில் வரிசையாக மூன்று வெள்ளைப் புள்ளிகள். சற்றுத் தள்ளி, கோபித்துக்கொண்டு போனது மாதிரி இன்னொன்று.

அந்த நாலு புள்ளிகளையும் எனக்கு ஆறு வருடமாகத் தெரியும். அவை அங்கே இருக்கவே கூடாது.

தூரத்துக் கோள் ஒன்றைச் சுற்றும் விண்கலத்தில் எங்கள் கருவி இருக்கிறது. டிபன் பாக்ஸ் அளவுதான். கோளின் காந்தப்புலத்தில் சிக்கிச் சுழலும் மின்துகள்களை எண்ணுவது அதன் வேலை. உள்ளே நாணயம் போல ஒரு கண்ணாடித் தட்டு, அதில் கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான துளைகள். ஒரு துளையில் ஒரு துகள் விழுந்தால் மறுபக்கம் எலெக்ட்ரான்கள் கொட்டும். துகளே வராவிட்டாலும் ஒவ்வொரு தட்டும் சில இடங்களில் சும்மாவே முணுமுணுக்கும். எந்த இடங்களில் என்பது தட்டுக்குத் தட்டு வேறு, கைரேகை மாதிரி.

பதினேழாம் எண் தட்டைச் சோதித்து, 'நல்லது' என்று கையெழுத்துப் போட்டவள் நான். ஒன்பதாம் எண்ணை இரண்டு வாரம் அளந்து பார்த்து, 'வேண்டாம்' என்று ஒதுக்கியவளும் நான்தான். இடப்புறமிருந்து வரும் துகள்களில் பாதியைத் தவறவிடும் தட்டு அது.

போன மாதம் கலம் கோளை அடைந்தது. எண்ணிக்கை வந்தது. எல்லாத் திசையிலிருந்தும் சமமாக வர வேண்டும். ஒரு திசையிலிருந்து மழை, எதிர்த் திசையிலிருந்து தூறல். சோதித்தவள் தப்பாகச் சோதித்துவிட்டாள் என்றார்கள். இன்று மூன்று மணிக்குக் கூட்டம். கருவியை அணைத்து அதன் மின்சாரத்தைக் கேமராவுக்குக் கொடுப்பார்கள். என்னையும் குழுவிலிருந்து தூக்குவார்கள். தலைமை தாங்குபவருக்கு நாங்கள் வைத்த பெயர் கத்தரி. எதையாவது நறுக்காமல் மனிதர் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை.

நேற்று கெஞ்சிக் கூத்தாடி கலத்துக்கு ஒரு கட்டளை அனுப்ப வைத்தேன். துகள் நுழையும் வழியை அடைத்துவிட்டுத் தட்டு தானாக என்ன முணுமுணுக்கிறது என்று மட்டும் கேள். அதன் பதில்தான் இந்தப் படம்.

அங்கே பறந்துகொண்டிருப்பது பதினேழு இல்லை. ஒன்பது.

தட்டைக் கருவிக்குள் பொருத்தியது ஒரே ஆள். குருவி.

கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி. தன் அண்ணனை எனக்குக் கட்டிவைத்து நாத்தனார் ஆனவள். படத்தை அச்செடுத்துக்கொண்டு பொருத்துகூடத்துக்கு ஓடினேன்.

உடைமாற்றும் அறையில் வெள்ளை அங்கியோடு நின்றிருந்தாள்.

"என்னடி அண்ணி, கத்தரிகிட்ட இப்பவே தலையைக் குடுத்துட்டு வந்துட்டியா?"

படத்தை நீட்டினேன். கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தவள் பாதியில் நின்றாள்.

"இது..."

"நீயே சொல்லு."

காலணி மாட்டும் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். "கை நழுவிடுச்சுடி. கருவியை அனுப்ப மூணு நாள்தான் இருந்துச்சு. பதினேழு விழுந்து நாலு துண்டாயிடுச்சு. புதுசு வர நாலு மாசம். கலம் நமக்காகக் காத்துக்கிட்டா இருக்கும்? ஒன்பதைப் போட்டு மூடிட்டேன். மூடின பிறகு எண்ணுதா இல்லையான்னு மட்டும்தானே பார்த்தாங்க!"

"ஒன்பதை உடைச்சு அழிச்சாச்சுன்னு பையில போட்டு ஒட்டினியே, அது என் பதினேழோட துண்டா?"

தலையாட்டினாள்.

"சரி, பயந்துட்ட. போன வாரம் கத்தரிக்கு, 'சோதனையிலதான் தப்பு நடந்திருக்கணும்'னு கடிதம் எழுதினியே, அப்பவும் கை நழுவிடுச்சா?"

அழ ஆரம்பித்தாள். "என் வேலை போயிடும்டி. நான் தனியாளு. உனக்கென்ன, வேலை போனாலும் தாங்கிக்குவ, அண்ணனும் அதைத்தான்..."

சட்டென்று உதட்டைக் கடித்தாள்.

"அண்ணனும்?"

கையுறையை மறுபடியும் இழுத்து மாட்டினாள். நான் வெளியே வந்து போனை எடுத்தேன். என் கணவர் பல் டாக்டர். பின்னால் துளைக்கும் கருவி 'கீய்ங்' என்று கத்திக்கொண்டிருந்தது.

"தட்டு மாறின விஷயம் உங்களுக்கு எத்தனை வருஷமா தெரியும்?"

கீய்ங் நின்றது.

"அன்னைக்கே க்ளினிக்குக்கு வந்து அழுதாம்மா. சத்தியம் வாங்கிட்டா. சின்னப் பொண்ணு..."

"என்னைவிட ரெண்டு மாசம் பெரியவ. ஒரு மாசமா பழைய நோட்டையெல்லாம் புரட்டிப் புரட்டி, நான்தான் தப்பு பண்ணிட்டேன்னு அழுதேனே, பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தீங்க?"

"உனக்குத் துணையாத்தாம்மா..."

"டீ போட்டுக் குடுத்து, 'விடு, தப்பு யாருக்கும் வரும்'னு முதுகைத் தட்டிக் குடுத்தீங்க."

"பேஷண்ட் வாயைத் திறந்துக்கிட்டு இருக்கார். வீட்டுல பேசலாமே."

"அவராவது வாயைத் திறந்தாரே!"

துண்டித்தேன். அழுவதற்கு நேரமில்லை. ஒன்பதாம் எண்ணின் பழைய அளவுகளைத் தேடி எடுத்தேன்.

மூன்று மணி. கத்தரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு நிமிஷம் தர்றேன்."

நாலு நிமிடம்தான் எடுத்துக்கொண்டேன். ஆறு வருடத்துக்கு முன் எடுத்த ஒன்பதாம் எண்ணின் படத்தையும் இன்றைய படத்தையும் அருகருகே வைத்தேன். நாலு புள்ளிகளும் இம்மி பிசகவில்லை. பிறகு ஒன்பதின் அளவுகளை வைத்து இந்த மாத எண்ணிக்கையைத் திருத்திக் காட்டினேன். தூறல் மழையாயிற்று. இரு திசையும் சமம். பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள்.

"கருவி ஓடட்டும். உங்க சோதனையிலயும் தப்பில்ல" என்றார் கத்தரி. "ஆனா ஒதுக்கின தட்டு உள்ள எப்படிம்மா போச்சு?"

குருவி என்னையே பார்த்தாள். தலையை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டினாள். வேண்டாம்டி.

"பொருத்தினவங்க உங்க வலது பக்கம்தான் உட்கார்ந்திருக்காங்க, சார். அவங்களையே கேளுங்க."

இருபது நிமிடம் கழித்து வெளியே வந்தாள், கண்ணெல்லாம் வீங்கி. நடைக்கூடத்தில் என்னை மறித்தாள்.

"ஒரே குடும்பம்னுகூடப் பார்க்கலை. எல்லார் முன்னாடியும் காட்டிக் குடுத்துட்டீங்களே, அண்ணி."

இத்தனை வருடத்தில் முதல் தடவையாக மரியாதை.

"என்னை என்ன வேணா சொல்லுங்க. அண்ணன் பாவம். நான் வாங்கின சத்தியத்துக்காகத்தான் வாயைத் திறக்கலை. அவர் மேல கோவப்படாதீங்க."

"கோவமா? ஆறு வருஷம் உனக்காகச் சத்தியத்தைக் காப்பாத்தியிருக்காரு. நல்ல அண்ணன்" என்றேன். "இனிமே நீயே வெச்சுக்கோ. அவர் பெட்டியைச் சாயங்காலம் உன் வீட்டுக்கு அனுப்பிடறேன்."