வீட்டு ஓட்டு

ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தைக் கண்ணகி துண்டால் துடைத்தாள். துடைத்த இடத்தில் அப்பாவின் கை தெரிந்தது. ஆள்காட்டி விரல் நகத்தில் ஓட்டுப் போட்ட மை இன்னும் கறுப்பாகவே இருந்தது. சித்திரை வெயிலில் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் வரை நடந்துபோய்ப் போட்ட ஓட்டு. அதற்குப் பிறகு அப்பா ராமசாமி வீட்டைவிட்டு வெளியே போகவில்லை.

களமருதூரே பந்தலில்தான் இருந்தது. அழுகிறவர்கள் அழுதுகொண்டிருக்க, மற்றவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேடிக்கைக்குக் குறைவில்லை. பெரியவன் அறிவுச்செல்வன் பந்தலின் இந்த மூலையில் நின்றான், சின்னவன் தமிழரசன் அந்த மூலையில் நின்றான். அமெரிக்காவில் இருவர் வீட்டுக்கும் நடுவே அரை மணி நேரக் கார்ப் பயணம்தான். ஒரே விமானத்தில் வந்திருக்கலாம். ஆளுக்கொரு விமானம், ஆளுக்கொரு வாடகைக் கார் என்று வந்து இறங்கினார்கள். அப்பாவைப் பறிகொடுத்த துக்கத்தைவிட, ஊர் பார்க்க இப்படி நிற்கிறார்களே என்ற ஆத்திரம்தான் கண்ணகிக்குப் பெரிதாக இருந்தது.

சித்தப்பா அரங்கநாதன் பெரியவனிடம் வந்தார்.

"சட்டையக் கழட்டுப்பா. குளிப்பாட்டணும். கொள்ளிச்சட்டி நீதான் தூக்கணும்."

"சுடுகாடு வரைக்கும் வரேன் சித்தப்பா. சட்டி தூக்க மாட்டேன். எங்க சபையில இதெல்லாம் கூடாது. தம்பி தூக்கட்டும்."

அந்த மூலையிலிருந்து தமிழரசன் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை.

"பாஸ்டருக்குப் போனப் போட்டு எதுக்கும் ஒருவாட்டி கேட்டுக்கோ. ஓட்டே அவரக் கேட்டுக்கினுதானே போடற!"

"சபையப் பத்திப் பேசாத."

"பேசுனா இன்னா பண்ணுவ?"

அறிவுச்செல்வன் சபைக்குப் போனதற்கும் காரணம் இருந்தது. மகள் தனுஷா வயிற்றில் இருந்தபோது குழந்தைக்கு இதயத்தில் கோளாறு, கலைத்துவிடுங்கள் என்று டாக்டர்கள் சொன்னார்கள். கலைக்காதே, நாங்கள் கூட இருக்கிறோம் என்று நின்றவர்கள் பக்கத்துச் சபைக்காரர்கள். அறுவை சிகிச்சை நடந்த நாளெல்லாம் வீட்டுக்குச் சோறு கொண்டுவந்தவர்களும் அவர்கள்தான். அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடத்தில் பந்து விளையாடுகிறாள். கருக்கலைப்பை எந்தக் கட்சி தடுக்கிறேன் என்கிறதோ, அதற்குத்தான் அன்றிலிருந்து அவன் ஓட்டு.

"எம் பொண்ணு மொகத்தப் பாத்துதான் நான் ஓட்டுப் போடறன்," என்றான். "உன்ன மாதிரி கருவுல கொல்றவங்களுக்குப் போட என்னால முடியாது."

தமிழரசன் இரண்டே எட்டில் பந்தலைக் கடந்து வந்து அண்ணனின் சட்டையைப் பிடித்தான். பறை அடித்தவர்களின் கைகள் தாமாக நின்றன.

"எம் பொண்டாட்டி ஷாலினிக்கு அஞ்சாவது மாசம் பனிக்கொடம் ஒடஞ்சிது. கொழந்த தங்காதுன்னு டாக்டருக்கே தெரியும். துடிப்பு இருக்கறவரைக்கும் கை வெக்க முடியாது, சட்டம் அப்படின்னு ஒக்கார வெச்சிட்டாங்க. ஜொரத்துல கெடந்து பொலம்பினா. கடைசில கர்ப்பப்பையவே எடுத்தாங்க. அப்ப நீ வந்து இன்னா சொன்ன? தேவ சித்தம்னு சொன்ன!"

"வேற இன்னாடா சொல்றது? நானும் அழுதன்டா."

"டேய், பொணத்த வெச்சிக்கினு இன்னாடா இது?" சித்தப்பா நடுவில் புகுந்தார். "சரி, அவன் தூக்கலன்னா போறான். தமிழு, நீ தூக்கு. பொழுது சாயறதுக்குள்ள எடுக்கணும்."

தமிழரசன் கையை எடுத்தான்.

"நானும் தூக்க மாட்டேன்."

இரண்டு ஆண்பிள்ளைகளைப் பெற்றவருக்குக் கொள்ளி வைக்க ஆளில்லையா? கண்ணகி எழுந்துவிட்டாள்.

"அண்ணன் மேல இருக்கற கோவத்த அப்பாகிட்ட ஏன்டா காட்டற? அவரு இன்னா பண்ணாரு உனக்கு?"

"அந்தச் சட்டத்தக் கொண்டாந்தவங்களுக்குத்தான் நானும் ஓட்டுப் போட்டன்க்கா. அப்பா போடச் சொன்னாரு. நீதான போன் போட்டுக் குடுத்த? மறந்துட்டியா?"

மறக்கவில்லை. சின்னவனுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்து, முதல் தேர்தல் வந்த சமயம் அது. அப்பாவுக்கு ஓட்டு என்றால் வீட்டுக்கு ஒன்றுதான், எத்தனை பேர் போட்டாலும் ஒரே சின்னம். ராமசாமி வீட்டு ஓட்டு சிதறாது என்று ஊரில் அவருக்கு ஒரு பேர் இருந்தது. போனில் கத்திச் சொன்னார்: "அந்த ஊரு கச்சிங்களப் பத்தி நமக்கு இன்னா தெரியும்? உன்னக் கூட்டிக்கினு போனவன் பெரியவன். அவன் எதுக்குப் போடறானோ நீயும் அதுக்கே போடு. வூட்டு ஓட்டு செதறக் கூடாது." தமிழரசன் "சரிப்பா" என்றான்.

அறிவுச்செல்வன் தம்பியை வெறித்துப் பார்த்தான். இத்தனை நாளாக எதிர்க்கட்சிக்காரன் என்று அவன் வெறுத்தது தன் கூடவே ஓட்டுப் போட்டவனை.

புருஷன் போனபின் அப்பா வீட்டிலேயே இருந்து, அவர் சோற்றைத் தின்று, ஓட்டுப் போட அவர் கூடவே வரிசையில் நின்றவள் கண்ணகி.

"ஏன்டா போட்ட?" என்று கத்தினாள். "நானுந்தான் ஒவ்வொரு தேர்தலுக்கும் சரிப்பா, சரிப்பான்னு சொன்னன். உள்ள போனா எனக்குத் தோணுனதுக்குத்தான் போடுவன். ஒருவாட்டிகூட அவரு சொன்னதுக்குப் போட்டதில்ல. கடல் தாண்டிப் போயி, மறைப்புக்குள்ள தனியா நின்னுக்கினு, நீ ஏன்டா போட்ட?"

தமிழரசன் பெட்டியில் கிடந்தவரைப் பார்த்தான். பிறகு சட்டையைக் கழற்றிப் பந்தக்காலில் மாட்டினான்.

ராமசாமியைக் குளிப்பாட்ட விசுப்பலகையில் கிடத்தினார்கள். உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகத் தலையில் எண்ணெய் தொட்டு வைத்து, சீயக்காய் வைத்து நகர்ந்தார்கள். தமிழரசன் முறை வந்தபோது அவன் தலைப்பக்கம் போகவில்லை. சீயக்காயை அள்ளிக்கொண்டு அப்பாவின் விரலைப் பிடித்தான். நகத்தில் இருந்த மையைக் கட்டைவிரலால் தேய்த்தான். இன்னும் கொஞ்சம் அள்ளித் தேய்த்தான்.

"நேரமாவுதுப்பா," என்றார் சித்தப்பா.

"அது போவாதுடா," என்றான் பெரியவன்.

"உன்னக் கேக்கல."

கண்ணகி அந்த விரல்மேல் தண்ணீர் ஊற்றினாள். வாளி காலியானது. அறிவுச்செல்வன் அடிபம்பிலிருந்து இன்னொரு வாளி கொண்டுவந்து வைத்துவிட்டு, தம்பியைத் திரும்பிப் பாராமல் பழைய இடத்துக்கே போய் நின்றான். அவள் மறுபடியும் மொண்டு ஊற்றினாள். சீயக்காய் கரைந்து ஓடி, தண்ணீர் தெளிந்து, நகத்தில் மை முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது.