தோற்றவரின் ஓட்டு

தேர்தலில் மண்ணைக் கவ்வியவரைத்தான் கவுன்ட்டி கவுன்சில் என்ற மாவட்ட மன்றத்தின் கூட்டத்துக்குத் தலைமை தாங்க உட்கார வைத்திருந்தார்கள். சட்டத்துக்கும் குசும்பு உண்டு போலும். புதுத் தலைவர் தேர்வாகும்வரை பழைய தலைவர்தான் அந்த நாற்காலியில் இருக்க வேண்டும். அந்தப் பழைய தலைவர் வில்ஃபிரட் ஆர்மராடுக்கு உறுப்பினர் பதவியே போய்விட்டது, ஓட்டும் கிடையாது. இரு தரப்பும் சமமாக நின்றால் மட்டும் ஒரே ஒரு ஓட்டு.

அப்படித்தான் நின்றது. எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. புதுத் தலைவர் பதவிக்கு நின்ற ரோலண்டுக்கு முப்பத்தொன்று, எதிர்த்து நின்ற மிஸஸ் பார்டோவுக்கும் முப்பத்தொன்று.

"தலைவரே, இனிமே நீங்கதான் சொல்லணும்," என்றார் செயலாளர்.

ரோலண்ட் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். ஒரே கட்சி, முப்பது வருட நட்பு, வில்ஃபிரட்டின் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன். இதில் சந்தேகம் எங்கே வந்தது? போன குளிர்காலத்தில் ஹாஸ்லி பள்ளிக்கூடத்தை மூடும் தீர்மானம் கொண்டுவந்தவரும் ரோலண்ட்தான். ஹாஸ்லி வில்ஃபிரட்டின் சொந்த ஊர். அவர் தயங்கியபோது, "சும்மா தூக்குடா கைய, ஊரு மறந்துடும்," என்று காதோரம் சொன்னார் ரோலண்ட். வில்ஃபிரட்டும் தூக்கினார்.

ஊர் மறந்ததா என்ன? ஓட்டுக் கேட்டுப் போனபோது தபால்காரி ஜோசி கதவைப் பாதிதான் திறந்தாள்.

"உங்களுக்குக் கை நல்லாத்தான் வேலை செய்யுது, வில்ஃப். காதுதான் போயிடுச்சு."

சுள்ளென்று கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தால், அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. நாற்பத்தொரு ஓட்டில் தோற்றார்.

பள்ளியை ஜூலையில் மூடுகிறார்கள். அதை நிறுத்த மிஸஸ் பார்டோ தரப்பு தீர்மானம் எழுதி வைத்திருக்கிறது. அதுவும் சமமாகத்தான் நிற்கும். அப்போது தலைவர் சொல்வதே முடிவு. முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இப்போது வில்ஃபிரட்டின் வாயில் இருந்தது.

ரோலண்ட் மேலிருக்கும் கடுப்பிலா இதைச் செய்கிறோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். கடுப்பு இல்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

"மிஸஸ் பார்டோ," என்றார்.

கழுத்தில் கிடந்த தலைவர் பதவிச் சங்கிலியைக் கழற்றி அந்த அம்மாளுக்கு அணிவித்துவிட்டு வெளியே வந்தார். ரோலண்ட் பின்னாலேயே வந்தார்.

"யாருக்காகடா இப்படிச் செஞ்ச? உன்னத் தோக்கடிச்சவங்களுக்காகவா?"

"இருபத்திரண்டு வருஷம் அவங்க எனக்குப் போட்டாங்க, ரோலண்ட். நான் அவங்களுக்குப் போட்டது இது ஒண்ணுதான்."