இன்ஜின் இழுத்து வந்த ஆஸ்பத்திரி

பெரிய ஆஸ்பத்திரி பழைய ரயில் ஷெட்டின் பக்கத்தில் வந்து நின்றது ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில். அதற்கு முன்பு அது ஊரின் மறுகோடியில் இருந்தது. சுவர் விரிசல் விடவில்லை, குழாய் உடையவில்லை, ஒரு நோயாளிகூடக் கட்டிலிலிருந்து உருளவில்லை. வழியிலிருந்த தெருக்கள் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டன. கடைந்தெடுத்த சோம்பேறி என்று பேரெடுத்த மருந்துக்கடைக்காரர் மட்டும், கடையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே அலைய வேண்டியிருக்கிறதே என்று முணுமுணுத்தார்.

எல்லாவற்றுக்கும் காரணம் இன்ஜின்தான். ஊர் மின்சாரம் மனசு வைத்தால் வரும். ரயில் பாதைக்கு மேலே ஓடும் கம்பியிலோ அது ஒருநாளும் நின்றதில்லை. ஆகவே ஓடி ஓய்ந்த மின்சார இன்ஜின் ஒன்றின் சக்கரங்களைக் கழற்றி, ஷெட்டில் சிமெண்டுக் கட்டைகள்மேல் உட்கார வைத்து, மேல்கம்பியிலிருந்து அது வாங்கும் மின்சாரத்தைப் பக்குவமாகக் குறைத்து, தடித்த கேபிள் வழியாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஓட்டுநரின் கால் மிதியை மாற்ற மட்டும் மறந்துவிட்டார்கள். ஓட்டுகிறவர் கண்ணயர்ந்துவிடக் கூடாது என்று வைத்த மிதி அது. அவ்வப்போது அழுத்தாவிட்டால் இன்ஜின் தானாக அணைந்துவிடும். எனவே நிற்கிற இன்ஜினுக்கும் ஓட்டுநர் தேவைப்பட்டார். அங்கே போட்ட ஆட்களில் ஒருவர், கண் பரிசோதனையில் தேறாமல் போன எக்ஸ்பிரஸ் ஓட்டுநர்.

அதுவரை விரைவு வண்டி ஓட்டியவருக்கு அது செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. தாயில்லாமல் வளர்த்த மகளிடம்கூட அவர் மூச்சுவிடவில்லை. சம்பந்தம் பேச வந்த அம்மாள், "எக்ஸ்பிரஸ் ஓட்டுறவரோட பொண்ணுன்னதும் நாங்க வேற எதுவும் விசாரிக்கல" என்றபோது தலையைக் குனிந்துகொண்டு சிரித்துவைத்தார். கல்யாணமும் நடந்துவிட்டது. அதன் பிறகு சீருடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு, வெளியூர் வண்டி என்று சொல்லிவிட்டு ஷெட்டில் போய் உட்காருவார். பொய் முழுப் பொய்யாக இருந்துவிடக் கூடாதே என்று, உட்கார்ந்ததும் வேகக் கைப்பிடியை முன்னால் தள்ளிவைப்பார். இன்ஜின் என்பது இழுப்பதற்கென்றே செய்த பொருள். போவதற்குச் சக்கரம் இல்லாததால், தன்னோடு கட்டியிருந்ததைத் தன்னிடம் வரவழைத்தது. கேபிளின் மறுமுனையில் ஆஸ்பத்திரி இருந்தது.

ஷெட் வாசலில் உபரிக் கேபிள் சுருள் சுருளாகச் சேரத் தொடங்கியபோது அவருக்கு விஷயம் புரிந்தது. ஊரார் அலட்டிக்கொள்ளவில்லை; பஸ் கண்டக்டர்கள் ஆஸ்பத்திரி ஸ்டாப்பை வருஷத்துக்கு வருஷம் வேறு முனையில் கூவினார்கள், அவ்வளவுதான். அவர்தான் தினமும் தூரத்தைக் கண்ணால் அளந்தார். முதலில் கூரைகளுக்கு மேலே ஆஸ்பத்திரியின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது, அப்புறம் மாடி ஜன்னல்கள், அப்புறம் திரைச்சீலையின் நிறம். தெரிந்தவர் யாராவது ஒருநாள் எட்டிப் பார்த்தால் போச்சு. கைப்பிடியைப் பூஜ்யத்தில் வைத்தால் ஆஸ்பத்திரி நகர்வது மட்டும் நின்றுவிடும். வைத்தும் பார்த்தார். பூஜ்யத்தில் நிற்கும் இன்ஜினில் தான் வெறும் காவல்காரன் என்று தோன்றியதும் உடம்பெல்லாம் கூசியது. மறுபடி தள்ளிவிட்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் மாப்பிள்ளை போன் செய்தார். "மாமா, அவளுக்கு முன்னாடியே வலி வந்திருச்சு, சேர்த்துட்டோம். உடனே ஆபரேஷன் பண்ணணும்கறாங்க. எங்க இருக்கீங்க?"

"வண்டியில இருக்கேன் மாப்பிள்ளை. பாதி வழி."

நாலு தெரு தள்ளி ஆஸ்பத்திரி வாசல் அவர் கண்ணெதிரே தெரிந்தது. அடுத்த ஷிப்டுக்கு வர வேண்டியவர் சாயங்காலம்தான் வருவார். எழுந்து போனால் மகளின் தலைக்கு மேலே விளக்கு அணைந்துவிடும். இங்கேதான் இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த நேரத்திலும் நாக்கு எழவில்லையே என்று தன்மேலேயே அவருக்கு அருவருப்பு வந்தது. மிதியை அழுத்திக்கொண்டே அழுதார். மகளிடம் போய்ச் சேர வேண்டும் என்ற பதற்றத்தில், தாமதமான வண்டியை ஓட்டுகிறவராக, கைப்பிடியைக் கடைசிவரை தள்ளிவிட்டார்.

ஆஸ்பத்திரி விறுவிறுவென்று வந்தது; பிற்பகலுக்குள் நாலு தெருவும் கடந்துவிட்டது. ஷெட்டை ஒட்டி அது நின்றபோது, கீழ்த்தள வார்டின் ஜன்னல் ஒன்று அவர் இருக்கைக்கு நேரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தது. ஜன்னலில் பிளாஸ்க்கோடு சம்பந்தி அம்மாள். அவருடைய சீருடையைப் பார்த்தாள், இன்ஜினுக்கு அடியில் சிமெண்டுக் கட்டைகளைப் பார்த்தாள்.

"சம்பந்தி, நீங்க பாதி வழியில..." என்று ஆரம்பித்தவள், பிளாஸ்க்கை ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. எழுந்து ஓடிவிடலாமா என்று அரைவாசி எழுந்தேவிட்டார். அம்மாளுக்குப் பின்னால் கட்டிலில் அப்போதுதான் மயக்கம் தெளிந்த மகள் கிடந்தாள். பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள், விளக்கின் சூட்டில், குறைமாதக் குழந்தை.

"எழுந்துக்காதீங்கப்பா," என்றாள் மகள். "குழந்தைக்கு அந்த விளக்கு வேணுமாம்."

அவர் உட்கார்ந்தார். மிதியை அழுத்தினார். கைப்பிடியைப் பூஜ்யத்துக்கு இழுத்துவைத்தார்.

ஆஸ்பத்திரி இன்றைக்கும் அங்கேயேதான் இருக்கிறது. வழி கேட்கிறவர்களிடம் இன்ஜினுக்குப் பக்கத்தில் என்கிறார்கள். சம்பந்தி அம்மாள் அந்தப் பக்கம் வந்தால் ஜன்னல் வழியாக டீ நீட்டுவாள். அவர் தலை நிமிராமல் வாங்கிக்கொள்வார். நன்றாக வளர்ந்துவிட்ட பேத்திதான், "நான் பொறக்கிறதுக்காக எங்க தாத்தா ஆஸ்பத்திரியையே ஓட்டிட்டு வந்தாரு" என்று வார்டில் படுத்திருப்பவர்களிடமெல்லாம் சொல்கிறாள். அவர்களும் கேட்டுக்கொண்டு, அப்படியா, எவ்வளவு நேரம் பிடித்தது என்கிறார்கள். அவரைப் பற்றிச் சொல்லப்பட்டதில் பேத்தி சொல்வது ஒன்றுதான் உண்மை. அதைக் கேட்கும்போதுதான் அவருக்குக் காது மடல்வரை சிவந்துபோகும். மிதியை ஒருமுறை அழுத்திவிட்டு வேறு பக்கம் பார்ப்பார்.